வேர்ட் அறிக்கைக்குள் எக்ஸெல் ஷீட்: மேக்ரோ எச்சரிக்கையை மைக்ரோசாஃப்ட் ஆபீஸும் லிப்ரே ஆபீஸும் எப்படிக் கையாளுகின்றன?

"அக்கா, மஞ்சளா ஒரு பட்டை வருது, அமுக்கட்டுமா வேண்டாமா?" மாதக் கடைசி வந்துவிட்டால் இந்தக் கேள்வி இல்லாமல் எனக்கு ஒரு நாள் போகாது. எங்கள் வேலை அப்படி. நாற்பது பக்க வேர்ட் அறிக்கை, அதற்குள் பத்துப் பன்னிரண்டு எக்ஸெல் அட்டவணைகள். சிலதை நாங்களே போடுகிறோம், சிலது வெளியிலிருந்து வருகிறது, எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து அனுப்ப வேண்டும். அட்டவணையைப் படமாக ஒட்டிவிட்டால் நாளைக்கு ஒரு எண் மாறினாலும் மறுபடி முதலிலிருந்து ஒட்ட வேண்டும் என்பதால் ஷீட்டையே உள்ளே எம்பெட் செய்துவிடுவது பழக்கமாகிவிட்டது. அப்படி வைத்த ஷீட்டில் எங்கேயோ ஒரு மேக்ரோ, அதாவது கோப்புக்குள்ளேயே இருந்து ஓடும் ஒரு சின்ன நிரல், ஒட்டிக்கொண்டிருந்தால் போதும், அதைத் திறக்கிறவர் கை நின்றுவிடும்.

மைக்ரோசாஃப்ட் ஆபீஸ், லிப்ரே ஆபீஸ் இரண்டையும் இந்த வேலைக்குப் பல வருடமாக மாற்றி மாற்றிப் புழங்கியிருக்கிறேன். இவற்றைப் பற்றி எழுதுகிறவர்கள் வேகம், எழுத்துரு, மெனு அழகு என்று எழுதுகிறார்கள். ஒரு கோப்புக்குள் இன்னொரு கோப்பை வைக்கும்போது பாதுகாப்பு என்னாகிறது என்று யாரும் பெரிதாகப் பேசுவதில்லை, அதனால் இந்த விமர்சனம் அதைப் பற்றி மட்டும். எச்சரிக்கையை எப்படி நிறுத்துவது என்று தேடி வந்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெறுகிறவர் பக்கம் நிறுத்தாதீர்கள், நிறுத்தச் சொல்லவும் சொல்லாதீர்கள். இது அனுப்புகிறவர் தீர்க்க வேண்டிய விஷயம். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

சரி, எம்பெட் செய்தால் உண்மையில் என்ன நடக்கிறது? எக்ஸெல்லில் ஆறு வரிசையைத் தேர்ந்தெடுத்து, காப்பி செய்து, வேர்டில் பேஸ்ட் ஸ்பெஷல் போய் எக்ஸெல் வொர்க்‌ஷீட் ஆப்ஜெக்ட் என்று ஒட்டுகிறோம். கண்ணுக்குத் தெரிவது ஆறு வரிசை. உள்ளே போவது முழு வொர்க்புக். எல்லா ஷீட்டும், மறைத்து வைத்த ஷீட்டும், மேக்ரோ இருந்தால் மேக்ரோவும் சேர்ந்தே போகும். பக்கத்தில் நாம் பார்க்கிற அட்டவணை ஒரு படம்தான், வேர்ட் அந்தப் படத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். டபுள் க்ளிக் செய்யும்போதுதான் பின்னாலிருந்து எக்ஸெல் எழுந்து வந்து நிஜ ஷீட்டைத் திறக்கிறது. மேக்ரோ ஓடலாமா கூடாதா என்ற கேள்வி உயிர் பெறுவதும் அந்த இடத்தில்தான். அதனால் அறிக்கையைத் திறந்து படிக்கும்போது ஒன்றுமே கேட்காமல், பாதி வாசிப்பில் ஒரு எண்ணைச் சரிபார்க்கலாம் என்று தட்டியதும் திடீரென்று கேட்கிறது. படிக்கிறவருக்கு அது அறிக்கையில் ஏதோ கோளாறு போலத்தான் படும்.

முழு வொர்க்புக்கும் போகிறது என்பதை நான் கற்றுக்கொண்ட விதத்தை மறக்க முடியாது. வெளியிலிருந்து எங்களுக்கு ஒரு அறிக்கை வந்தது, எங்கிருந்து என்பது இங்கே வேண்டாம். மூன்றாம் பக்கத்தில் ஒரு சின்ன அட்டவணை, செலவுத் தலைப்புகளும் மொத்தமும் மட்டும். கூட்டல் தப்பாக இருக்கிறதே என்று டபுள் க்ளிக் செய்தேன். கீழே பதினோரு ஷீட் தாவல்கள் வரிசையாக நின்றன. அதில் ஒன்று அனுப்பிய இடத்து ஊழியர்கள் அத்தனை பேரின் சம்பள விவரம், பெயரோடு. உடனே மூடிவிட்டு அனுப்பியவரைக் கூப்பிட்டேன். அவர் நம்பவே இல்லை, "நான் அந்த அட்டவணையை மட்டும்தாங்க ஒட்டினேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொன்னது பொய்யில்லை, அவர் திரையில் தெரிந்தது அவ்வளவுதான். மேக்ரோ எச்சரிக்கையைப் பற்றி எழுத வந்து சம்பள ஷீட்டைப் பற்றி ஏன் பேசுகிறேன் என்றால், இரண்டும் ஒரே வாசல் வழியாகத்தான் போகின்றன. எச்சரிக்கை வந்தால், நமக்குத் தெரியாத எதுவோ உள்ளே இருக்கிறது என்பதற்கு அதுதான் வெளியில் தெரியும் ஒரே அடையாளமாகவும் இருக்கலாம்.

இங்கே கோப்பின் பெயர் நம்மைக் கைவிட்டுவிடும். 2007இல் வந்த ஆபீஸ் ஒரு நல்ல காரியம் செய்தது, மேக்ரோ வைக்க முடியாத கோப்புக்கு ஒரு பின்னொட்டு, வைக்கக்கூடிய கோப்புக்கு வேறு பின்னொட்டு என்று பிரித்தது. எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்று முடிந்தால் விபிஏ (ஆபீஸில் மேக்ரோ எழுதும் நிரல்மொழி) மேக்ரோ கிடையாது, எக்ஸ்எல்எஸ்எம் என்று முடிந்தால் இருக்கலாம். வேர்டிலும் அதே மாதிரி டாக்எக்ஸ், டாக்எம். பெயரைப் பார்த்தே முடிவெடுக்கலாம் என்பது பெரிய நிம்மதி. ஆனால் எம்பெட் செய்யும்போது இந்த நிம்மதி போய்விடுகிறது. ஒரு டாக்எக்ஸ் கோப்புக்குள் எக்ஸ்எல்எஸ்எம் ஷீட் ஒன்றை வைக்க எந்தத் தடையும் இல்லை. வெளியே எக்ஸ், உள்ளே எம். பின்னொட்டைப் பார்த்து "இது மேக்ரோ இல்லாத கோப்புதான்" என்று நாம் சொல்வது வேர்டின் பக்கத்துக்கு மட்டுமே பொருந்தும்.

அப்படியானால் திறந்து பார்க்காமல் எப்படிக் கண்டுபிடிப்பது? மைக்ரோசாஃப்ட் வேர்டில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு வழி இருக்கிறது. ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு எஃப்9 அமுக்குங்கள். அட்டவணைப் படங்கள் மறைந்து அந்த இடத்தில் சுருள் அடைப்புக்குள் ஒரு வரி தெரியும். எம்பெட், எக்ஸெல் டாட் ஷீட் டாட் 12 என்று இருந்தால் அது எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வகை, கவலை குறைவு. நடுவில் ஷீட் மேக்ரோ எனேபிள்டு என்று சேர்ந்து வந்தால் விஷயம் தெரிந்துவிட்டது. டாட் 8 என்று முடிந்தால் அது பழைய 97–2003 காலத்து எக்ஸ்எல்எஸ் வகை, அதில் மேக்ரோ இருக்கிறதா இல்லையா என்று பெயரை வைத்துச் சொல்ல முடியாது, இருக்கலாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எம்பெட் என்பதற்குப் பதில் லிங்க் என்று வந்தால் ஷீட் உள்ளே இல்லை, வெளியே இருக்கும் கோப்பைச் சுட்டுகிறது, அந்தக் கோப்பின் முழுப் பாதையும் அங்கேயே எழுதியிருக்கும். மறுபடி ஆல்ட் எஃப்9 அமுக்கினால் படங்கள் திரும்பிவிடும். எழுத்தோடு வரிசையில் நிற்கும் ஆப்ஜெக்ட்டுகளுக்குத்தான் இது வேலை செய்யும், பக்கத்தில் மிதக்கவிட்டவற்றுக்கு இல்லை.

மிதப்பவற்றுக்கு இன்னொரு வழி. டாக்எக்ஸ் என்பது உள்ளுக்குள் ஒரு ஜிப் கோப்புதான். ஒரு நகல் எடுத்து, பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறங்கள். வேர்ட் என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் எம்பெடிங்ஸ் என்று ஒரு ஃபோல்டர். நீங்கள் வைத்த ஒவ்வொரு ஷீட்டும் அங்கே தனித்தனிக் கோப்பாக உட்கார்ந்திருக்கும், பெரும்பாலும் பின்னொட்டோடு. முதன்முதலில் எங்கள் அறிக்கை ஒன்றை இப்படித் திறந்து பார்த்தபோது பக்கத்தில் ஐந்து வரி அட்டவணையாகத் தெரிந்த ஷீட், அங்கே இரண்டு எம்பிக்கு மேல் இருந்தது. அறிக்கை ஏன் மெயிலில் போக மறுக்கிறது என்று அதுவரை படங்களைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தோம். லிப்ரே ஆபீஸில் அறிக்கையைச் சேமிக்கும் ஓடிடி கோப்பும் ஜிப்தான், அதில் ஆப்ஜெக்ட் 1, ஆப்ஜெக்ட் 2 என்று ஃபோல்டர்களும், காட்டுவதற்கான படங்களுக்கென்று தனி ஃபோல்டரும் இருக்கும்.

இப்போது பட்டைகளுக்கு வருவோம். எல்லோரும் குழம்புகிற இடம் இதுதான், ஏனென்றால் மைக்ரோசாஃப்ட் ஆபீஸில் வெவ்வேறு விஷயத்துக்கு வரும் எச்சரிக்கைகள் பார்வைக்கு அண்ணன் தம்பி போல இருக்கின்றன. எனேபிள் எடிட்டிங் என்ற பொத்தானோடு வரும் மஞ்சள் பட்டை மேக்ரோவைப் பற்றியதே இல்லை, அது புரொடெக்டட் வியூ, 2010 பதிப்பில் வந்தது. கோப்பு வெளியிலிருந்து வந்திருக்கிறது, படிக்க மட்டும் காட்டுகிறேன் என்கிறது. அந்த நிலையில் உள்ளே வைத்த ஷீட்டைத் திறக்க முடியாது. படித்துவிட்டு மூட வேண்டிய அறிக்கை என்றால் அந்தப் பொத்தானைத் தொடவே வேண்டியதில்லை, படம் தெரிகிறதே, அது போதும். எங்கள் இடத்தில் நான் வலியுறுத்திச் சொல்லும் முதல் விஷயம் இது. அடுத்தது எனேபிள் கன்டென்ட் என்ற பொத்தானோடு வரும் மஞ்சள் பட்டை, இதுதான் மேக்ரோ. மூன்றாவது சிவப்புப் பட்டை, அதில் அனுமதிக்கும் பொத்தானே கிடையாது, மேலும் அறிய என்று ஒரு பொத்தான் மட்டும். நான்காவது, லிங்க் செய்த ஷீட் இருந்தால் வேர்ட் திறக்கும்போதே ஒரு பெட்டி போட்டு, மற்ற கோப்புகளிலிருந்து தகவலைப் புதுப்பிக்கட்டுமா என்று கேட்பது. இந்த நான்குக்கும் "ஆமாம் ஆமாம்" என்று ஒரே பதிலைத் தட்டிப் பழகியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன். ஒரே மஞ்சளில் இரண்டு வேறு கேள்வியைக் கேட்டால் மனிதர் வேறென்ன செய்வார்? வடிவமைப்பில் மைக்ரோசாஃப்ட்டுக்கு நான் மதிப்பெண் குறைப்பது இங்கேதான்.

ஆனால் சிவப்புப் பட்டைக்கு முழு மதிப்பெண். மேக்ரோ வைரஸின் வரலாறு நீளமானது. வேர்ட் வழியாகப் பரவிய கான்செப்ட் 1995இல், எக்ஸெல்லுக்கு லாரூ 1996இல், அப்புறம் 1999 மார்ச்சில் மெலிஸ்ஸா. அது ஒரு வேர்ட் கோப்பைத் திறந்தவரின் அவுட்லுக் முகவரிப் பட்டியலில் முதல் ஐம்பது பேருக்குத் தன்னைத்தானே அனுப்பிக்கொண்டது. இத்தனைக்கும் பிறகும் பல வருடம் தடுப்பு என்பது ஒரு பொத்தான் தூரத்தில்தான் இருந்தது. 2022 பிப்ரவரியில்தான், இணையத்திலிருந்து வந்த கோப்புகளின் விபிஏ மேக்ரோவை இயல்பாகவே தடுக்கப்போவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. ஜூலை ஆரம்பத்தில் அதைப் பின்வாங்கியது, அந்த மாதக் கடைசியிலேயே மறுபடி கொண்டுவந்தது. அதே வருட ஜனவரியில் எக்ஸெல் 4.0 காலத்துப் பழைய மேக்ரோக்களையும் இயல்பாக முடக்கியது. அவசரத்தில் இருக்கிறவர் கைக்கு எட்டும் இடத்தில் அனுமதிப் பொத்தானை வைக்காமல் இருப்பதுதான் சரியான பாதுகாப்பு. எரிச்சல்படுகிறவர்கள் இருக்கிறார்கள், எங்கள் அலுவலகத்திலும் இருந்தார்கள். நான் இதை மனதார வரவேற்கிறேன்.

சிவப்பு எப்போது வரும் மஞ்சள் எப்போது வரும் என்பது கோப்பு வந்த வழியைப் பொறுத்தது. இணையத்திலிருந்தோ மெயிலிலிருந்தோ இறக்கும்போது விண்டோஸ் அந்தக் கோப்போடு ஒரு கண்ணுக்குத் தெரியாத குறிப்பை ஒட்டி வைக்கிறது, இது இன்ன மண்டலத்திலிருந்து வந்தது என்று. அந்தக் குறிப்பு விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் அமைத்த வட்டில்தான் நிற்கும். பென்டிரைவ்கள் பெரும்பாலும் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் என்பதால் அதில் ஏற்றி இறக்கினால் குறிப்பு உதிர்ந்துவிடும். அதே கோப்பு மெயிலில் வந்த மேசையில் சிவப்பு, பென்டிரைவில் வந்த மேசையில் மஞ்சள். எங்கள் இடத்தில் இரண்டு பேர் இதற்காக ஒரு மதியம் முழுக்க வாதாடினார்கள், ஒருவர் கணினியில் வைரஸ் இருக்கிறது என்ற முடிவுக்கே வந்துவிட்டார். கோப்பு நமக்கு நன்றாகத் தெரிந்த ஆளிடமிருந்து வந்தது, அவரிடம் கேட்டு உறுதியும் செய்துகொண்டோம் என்றால், கோப்பின் மேல் வலது க்ளிக், பிராப்பர்டீஸ், முதல் தாவலின் அடியில் அன்பிளாக் என்ற கட்டம், அதில் டிக். ஒவ்வொரு கோப்பாகச் செய்ய வேண்டிய காரியம் அது. வேறு வழியைத் தேடி எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திறந்துவிட வேண்டாம்.

எல்லாவற்றையும் திறந்துவிட்ட கதையும் எனக்குத் தெரியும். நாங்கள் அறிக்கை அனுப்பும் ஓர் இடத்தில், எங்கள் ஷீட்டில் வரும் கேள்வி தொந்தரவாக இருக்கிறது என்று அங்கே ஒருவர் எக்ஸெல்லின் பாதுகாப்புத் தேர்வுகள் இருக்கும் ட்ரஸ்ட் சென்டரில் போய் எல்லா மேக்ரோவையும் அனுமதி என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டார். எங்கள் அறிக்கை மாதத்துக்கு ஒன்று. அவருக்கு வரும் மற்றக் கோப்புகளோ தினமும் பல. மாதக்கணக்கில் அந்தக் கதவு அப்படியே திறந்து கிடந்தது. ஏதோ பேச்சில் அவர் சாதாரணமாகச் சொன்னபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது, ஏனென்றால் அந்த மேக்ரோ என்னுடையது. வரிசைப்படுத்த ஒரு பொத்தான், அவ்வளவுதான், அதுவும் அவருக்குத் தேவையே இல்லாத பொத்தான். நான் அதை உள்ளே விட்டு அனுப்பியதால் ஒருவர் தன் கணினியின் பாதுகாப்பையே கழற்றி வைத்திருந்தார். அன்றிலிருந்துதான் இதை அனுப்புகிறவர் வேலை என்று பிடிவாதமாகச் சொல்கிறேன்.

இதோடு சேர்த்து ஒரு விஷயம்: ட்ரஸ்ட் சென்டரின் மேக்ரோ தேர்வு ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனி. வேர்டில் மாற்றினால் வேர்டுக்கு மட்டும், எக்ஸெல்லில் மாற்றினால் எக்ஸெல்லுக்கு மட்டும். "வேர்டில் எல்லாம் சரியாக வைத்திருக்கிறேன், ஆனாலும் ஷீட் கேட்கிறதே" என்று சொல்கிறவர்களுக்கான பதில் இதுதான்.

லிப்ரே ஆபீஸ் இதை வேறு மாதிரி அணுகுகிறது. டூல்ஸ், ஆப்ஷன்ஸ், செக்யூரிட்டி, மேக்ரோ செக்யூரிட்டி என்று போனால் நான்கு படிகள்: மிக உயர்ந்தது, உயர்ந்தது, நடுத்தரம், தாழ்ந்தது. இயல்பாக உயர்ந்தது என்பதில் இருக்கும். அதாவது நம்பகமானவரின் டிஜிட்டல் கையெழுத்துள்ள மேக்ரோ மட்டும் ஓடும், மற்றது ஓடாது, உங்களிடம் கேள்வியும் கேட்காது. நடுத்தரத்தில் வைத்தால்தான் அனுமதிக்கட்டுமா என்ற பெட்டி வரும். மிக உயர்ந்ததில் நீங்கள் குறித்துவைத்த ஃபோல்டர்களிலிருந்து திறந்தவை மட்டும். எனக்கு இந்த நான்கு படி ஏற்பாடு பிடித்திருக்கிறது, படித்தவுடன் புரிகிறது, வீட்டில் வயதானவர்களுக்கு வைத்துக்கொடுக்கும்போதும் விளக்க எளிது. உயர்ந்தது என்ற இயல்புத் தேர்வும் சரியானது, தெரியாதவரிடம் கேட்காமல் இருப்பதே நல்லது.

குறை? லிப்ரே ஆபீஸ் இயல்பாகச் சேமிக்கும் ஓடிஎஃப் வடிவத்தில், ஷீட்டில் மேக்ரோ இருந்தாலும் இல்லாவிட்டாலும் பின்னொட்டு ஒன்றுதான், ஓடிஎஸ். பெயரை வைத்துப் பிரித்தறிய வழியில்லை. எம்பெட் செய்யும் வேலைக்கு இது பெரிய குறை. ஷீட்டை உள்ளே வைக்குமுன் அதில் மேக்ரோ இருக்கிறதா என்று மேக்ரோ மெனுவில் போய்ப் பார்த்தே தீர வேண்டும். கையெழுத்துச் சரிபார்ப்பிலும் ஒரு காலத்தில் ஓட்டை இருந்தது, சான்றிதழின் வரிசை எண்ணையும் வழங்கியவர் பெயரையும் மட்டும் ஒப்பிட்டு நம்பிவிட்டது, 2022இல் அது வெளியே வந்து சரிசெய்யப்பட்டது. அதனால் பழைய பதிப்பை வைத்துக்கொண்டு கையெழுத்தை நம்புகிறவர்கள் முதலில் பதிப்பைப் புதுப்பியுங்கள்.

இன்னொன்று, லிப்ரே ஆபீஸில் லோட் சேவ் பகுதியில் மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் என்ற பக்கம் இருக்கிறது, உள்ளே வைத்த எக்ஸெல் ஆப்ஜெக்ட்டைத் திறக்கும்போது கால்க் (லிப்ரே ஆபீஸின் ஷீட் செயலி) ஆப்ஜெக்ட்டாக மாற்றவா, சேமிக்கும்போது திரும்ப எக்ஸெல்லாக மாற்றவா என்று இரண்டு கட்டங்கள். ஒரே அறிக்கை இரண்டு தொகுப்பிலும் மாறி மாறிப் போகும் இடங்களில் இந்தக் கட்டங்களை எல்லோரும் ஒரே மாதிரி வையுங்கள். விபிஏ மேக்ரோ கொஞ்சம் லிப்ரே ஆபீஸிலும் ஓடும், எல்லாம் ஓடாது. எக்ஸெல்லில் எழுதிய பொத்தான் அங்கே வேலை செய்யும் என்று நம்பி அறிக்கை தயாரிக்காதீர்கள்.

சரி, நான் இப்போது என்ன செய்கிறேன்? ஷீட்டை உள்ளே வைக்குமுன் ஒரு நகல் எடுக்கிறேன். அந்த நகலை எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஆகச் சேமிக்கிறேன். மேக்ரோ இருந்தால் எக்ஸெல் அங்கேயே நிறுத்தி, மேக்ரோ இல்லாத வொர்க்புக்கில் விபி புராஜெக்ட்டைச் சேமிக்க முடியாது என்று ஒரு பெட்டி போடும். தொடர யெஸ் அமுக்கினால் மேக்ரோ கழன்றுவிடும். பலர் அந்தப் பெட்டியைப் பார்த்துப் பயந்து நோ அமுக்கிவிடுகிறார்கள், எங்கள் இடத்தில் ஒரு தம்பி ஆறு மாதம் அப்படித்தான் செய்துகொண்டிருந்தான். நகல் என்பதால் பயப்பட ஒன்றுமில்லை, மூலக் கோப்பு அப்படியே இருக்கிறது. சேமித்ததும் கட்டாயம் மூடிவிட்டு, மறுபடி அந்த எக்ஸ்எல்எஸ்எக்ஸைத் திறந்து அங்கிருந்துதான் காப்பி செய்ய வேண்டும். மூடாமல் பழைய சாளரத்திலிருந்தே காப்பி செய்து, செய்த வேலை வீணாவதை இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

அந்த நகலில் வேண்டாத ஷீட்டுகளை அழித்துவிடுகிறேன். வலது க்ளிக் செய்து அன்ஹைட் பார்ப்பது போதாது, விபிஏ எடிட்டரில் மட்டும் தெரியும் அளவுக்கு ஆழமாக மறைத்த ஷீட்டுகளும் உண்டு. ஆல்ட் எஃப்11 அமுக்கி இடப்பக்கப் பட்டியலில் எண்ணிப் பாருங்கள், கீழே தெரியும் தாவல்களும் அந்தப் பட்டியலும் ஒத்துப்போக வேண்டும். வேறு ஷீட்டிலிருந்து எடுக்கும் சூத்திரங்கள் இருந்தால் அழிக்குமுன் மதிப்பாக ஒட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எல்லாம் பிழையாகிவிடும்.

"மேக்ரோ எல்லாம் அழிச்சிட்டேன் அக்கா, ஆனாலும் கேக்குது" என்ற புகாருக்கு இரண்டு காரணம்தான் பெரும்பாலும் கண்டிருக்கிறேன். ஒன்று, குறியீட்டை அழித்தாலும் அதை எழுதியிருந்த பக்கமான மாட்யூல் வெறுமையாக மிஞ்சியிருப்பது, அதையும் ரிமூவ் செய்ய வேண்டும். மற்றது, கட்டங்களுக்கும் சூத்திரங்களுக்கும் வைத்த பெயர்களின் பட்டியலான நேம் மேனேஜரில் யாரோ எப்போதோ எக்ஸெல் 4.0 காலத்துச் செயல்பாடு ஒன்றை ஒரு பெயருக்குள் எழுதி வைத்திருப்பது. மாட்யூல் எதுவுமே இல்லாத வொர்க்புக்கிலும் அது மேக்ரோவாகத்தான் கணக்கு. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது, நேம் மேனேஜரைத் திறந்து பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

மேக்ரோ கட்டாயம் வேண்டும் என்றால்? அப்படியானால் எம்பெட் செய்யாதீர்கள் என்பதுதான் என் பதில். வொர்க்புக்கைத் தனிக் கோப்பாக அனுப்புங்கள், பின்னொட்டில் எம் தெரியட்டும், பெறுகிறவர் தெரிந்தே திறக்கட்டும். கையெழுத்திட்டு அனுப்பலாம், ஆனால் நாமே உருவாக்கும் சான்றிதழ் நம் கணினியில்தான் செல்லும், மற்றவர் அதைத் தம் பட்டியலில் சேர்த்தால் ஒழிய அங்கே மதிப்பில்லை. விபிஏ கையெழுத்து குறியீட்டுக்கு மட்டும்தான், கட்டங்களில் உள்ள எண்களுக்கு இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள், கையெழுத்து சரியாக இருக்கிறது என்பதால் எண்களை யாரும் மாற்றவில்லை என்று ஆகாது. அலுவலகத்துக்குள்ளேயே சுற்றும் கோப்புகளுக்கு நம்பகமான ஃபோல்டர் ஒன்றைக் குறித்துவைப்பது இரண்டு தொகுப்பிலும் நன்றாக வேலை செய்கிறது. அந்த ஃபோல்டர் டவுன்லோட்ஸாகவோ டெஸ்க்டாப்பாகவோ இருக்கக் கூடாது, அவ்வளவுதான். வந்து விழுகிற இடமும் நம்புகிற இடமும் ஒன்றானால் பூட்டு எதற்கு?

பல அறிக்கைகளை ஒரே தட்டில் திறந்து அட்டவணை புதுப்பிக்க நாமே நிரல் எழுதி வைத்திருப்போம், அங்கேயும் ஒரு கண்ணி. நிரல் வழியாகக் கோப்பைத் திறக்கும்போது ஆட்டோமேஷன் செக்யூரிட்டி என்ற தேர்வின் இயல்பு நிலை தாழ்ந்தது, அதாவது பட்டை வராது, கேள்வி வராது, மேக்ரோ ஓடிவிடும். கையால் திறக்கும்போது வரும் எச்சரிக்கையைப் பார்த்து "நம் கணினி பாதுகாப்பாக இருக்கிறது" என்று நினைத்துக்கொண்டிருப்போம். நிரலின் முதல் வரியிலேயே அதைக் கட்டாய முடக்கத்துக்கு மாற்றிவிட்டு அப்புறம் கோப்பைத் திறங்கள்.

லிங்க் செய்வது மாற்று வழிதானே என்று கேட்பார்கள். ஒரே நெட்வொர்க்குக்குள் இருந்தால் நல்ல வழி, வொர்க்புக் வெளியே போகாது. வெளியே அனுப்பினால் பெறுகிறவருக்கு அந்தப் பாதை இருக்காது, புதுப்பிக்கட்டுமா என்ற பெட்டிதான் மிச்சம். வெளியே போகும் இறுதிப் பிரதிக்கு நான் படமாகவே ஒட்டுகிறேன், கூடவே எண்கள் வேண்டும் என்கிறவர்களுக்கு எக்ஸ்எல்எஸ்எக்ஸ் தனியாக. சார்ட் ஒட்டும்போது பேஸ்ட் ஆப்ஷனில் எம்பெட் வொர்க்புக், லிங்க் டேட்டா, பிக்சர் என்று தனித்தனிப் பொத்தான்கள் வருகின்றன, அவசரத்தில் எதையோ தட்டாமல் அதைப் படித்துவிட்டு அமுக்குங்கள்.

மொத்தத்தில் என் மதிப்பீடு: இயல்பு நிலையில் பாதுகாப்பு, இரண்டுமே நன்று. உள்ளே இருப்பதைக் கண்டுபிடிக்கும் வசதி, மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் கொஞ்சம் மேல், பின்னொட்டுக்காகவும் ஆல்ட் எஃப்9க்காகவும். செட்டிங் புரியும்படி இருப்பது, லிப்ரே ஆபீஸ் தெளிவாக மேல். இரண்டிலும் இல்லாதது ஒன்று. வேர்டில் இன்சர்ட் ஆப்ஜெக்ட் பெட்டியைத் திறந்து, கோப்பிலிருந்து என்ற தாவலுக்குப் போனால் இரண்டு கட்டங்கள் இருக்கும், லிங்க் டு ஃபைல் ஒன்று, டிஸ்ப்ளே ஆஸ் ஐகான் ஒன்று. அதற்குக் கீழே மூன்றாவதாக, மேக்ரோவையும் மற்ற ஷீட்டுகளையும் விட்டுவிட்டு வை என்று ஒரு கட்டம் வேண்டும், அதில் டிக் ஏற்கெனவே விழுந்திருக்க வேண்டும்.